மூளைக்குப் போகும் தமனிகள் ஆளுக்கு ஆள் மாறும்: ஆஞ்சியோ படத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தலைசுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "வலது வெர்டிப்ரல் தமனி ஹைப்போபிளாஸ்டிக்" (குழாய் பிறவியிலேயே மெலிந்தது) என்றோ "இடது பி.சி.ஏ. ஃபீட்டல் ஆரிஜின்" (பின்பெருமூளைத் தமனி கருவில் இருந்ததுபோலவே கரோட்டிட்டிலிருந்து வருகிறது) என்றோ ஒரு வரி வந்துவிட்டால், அந்த வீட்டில் அன்று யாருக்கும் தூக்கம் வராது. மருத்துவ மாணவர்களோ அதே வரியை "நார்மல் வேரியன்ட்தான்" என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டுமே சரியில்லை. இந்த அமைப்பு மாற்றங்கள் நோய் அல்ல. ஆனால் ஏதாவது ஒரு குழாய் அடைபடும் நாளில் மூளையின் எந்தப் பகுதி பிழைக்கும், எது போகும் என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதயத்திலிருந்து புறப்பட்டு மேல்நோக்கிப் போய், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பார்க்க வேண்டும், எதை எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜன்களையும் ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. தன் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள நினைப்பவரும் கூடவே வரலாம்.

தொடங்கும் முன்: பாடப்புத்தக வளையம்

மூளைக்கு நான்கு குழாய்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு உட்கரோட்டிட் தமனிகள், பின்பக்கம் முள்ளெலும்புகளின் துளைகள் வழியாக ஏறும் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள். வெர்டிப்ரல்கள் இரண்டும் மண்டைக்குள் சேர்ந்து ஒரே பேசிலார் தமனி ஆகின்றன. மூளையின் அடிப்பகுதியில் முன்பக்க ஓட்டத்தையும் பின்பக்க ஓட்டத்தையும் சின்னச் சின்ன இணைப்புக் குழாய்கள் சேர்த்து ஒரு வளையமாக்குகின்றன. அதுதான் வில்லிஸ் வளையம். ஊரைச் சுற்றிப் போகும் ரிங் ரோடு மாதிரி, ஒரு வழி அடைத்தால் வேறு வழியாக ரத்தம் சுற்றி வரும் என்பதே இதன் பயன்.

ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் இதை விளக்கி எழுதினார். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பிற்காலத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென். படம் அழகாக, சமச்சீராக இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். 1959இல் ஆல்பர்ஸும் அவருடைய குழுவினரும் நோயில்லாத 350 மூளைகளை எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதியில்தான் வளையம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல முழுமையாக இருந்தது. மற்றவற்றில் ஏதோ ஒரு துண்டு நூல்போல மெலிந்திருந்தது, இல்லாமலே இருந்தது, அல்லது இரட்டையாக இருந்தது. அதாவது உங்கள் முன்னால் இருக்கும் நோயாளிக்கு ரிங் ரோடு முழுதாக இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடக் கூடாது.

இத்தனை மாற்றங்கள் ஏன்? கருவில் இந்தக் குழாய்கள் முதலிலேயே இன்றைய வடிவில் உருவாவதில்லை. நான்காவது வாரத்தில் உட்கரோட்டிட் மட்டும்தான் உருப்படியாக இருக்கிறது. பின்மூளைக்கான ரத்தத்தையும் அதுவே, சில தற்காலிகக் குறுக்குக் குழாய்கள் வழியாக அனுப்புகிறது. பிறகு வெர்டிப்ரலும் பேசிலாரும் உருவாகி அந்த வேலையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்ள, குறுக்குக் குழாய்கள் மறைகின்றன. டார்கஸ் பாட்ஜெட் என்பவர் கார்னகி நிறுவனத்தில் சேகரித்து வைத்திருந்த கருக்களை ஆராய்ந்து 1948இல் இதைப் படிப்படியாகப் படமாக்கினார். இந்தக் கைமாற்றம் எங்காவது பாதியில் நின்றுபோனால் அதுவே பெரியவர்களிடம் நாம் பார்க்கும் "வேரியன்ட்". கீழே வரும் பெரும்பாலானவற்றை இந்த ஒரு பத்தியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

படி 1: கையில் இருப்பது எந்த ஸ்கேன் என்று பாருங்கள்

பலர் தாண்டிவிடும் படி இது. மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோ, குழாயின் சுவரைக் காட்டுவதில்லை. ஓடும் ரத்தத்தைக் காட்டுகிறது. ஓட்டம் மெதுவாக இருந்தாலோ, குழாய் படத்தின் தளத்திலேயே படுத்து ஓடினாலோ அந்த இடம் மங்கும், சில நேரம் மறைந்தே போகும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இணைப்புக் குழாய் தெரியவில்லை என்றால் அது இல்லை என்று அர்த்தம் இல்லை. "காணவில்லை" என்று எழுதலாம், "இல்லை" என்று எழுதுவது அவசரம்.

மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவில் குழாயின் உள்வெளி நேரடியாக நிரம்பித் தெரியும், எலும்பும் கூடவே தெரியும். அமைப்பு மாற்றங்களைப் பொறுத்தவரை எலும்பு எவ்வளவு பெரிய சாட்சி என்பது படி 3, 4இல் வரும். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செருகி எடுக்கும் டி.எஸ்.ஏ.தான் இன்றும் கடைசித் தீர்ப்பு. ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக்கூட அது காட்டும். மூளை ஆஞ்சியோவை முதன்முதலில் 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் செய்தார், இன்றைய டி.எஸ்.ஏ.வுக்கு அதுதான் மூதாதை.

இன்னொன்று: சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படத்தில் மயங்கிவிடாதீர்கள். அது கணினி சமைத்துத் தருவது. சந்தேகம் வந்த இடத்தில் மூலத் துண்டுப் படங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

படி 2: பெருந்தமனி வளைவிலிருந்து தொடங்குங்கள்

மூளை ஆஞ்சியோ என்றால் பலரும் நேரே மண்டைக்குள் போய்விடுகிறார்கள். கழுத்தும் சேர்த்து எடுத்த படமாக இருந்தால் கீழே, இதயத்துக்கு மேலே இருக்கும் வளைவிலிருந்து ஆரம்பியுங்கள்.

வழக்கமாக அங்கிருந்து மூன்று கிளைகள் புறப்படும். வலப்பக்கத்துக்கான பிரேக்கியோசெஃபாலிக் தண்டு, இடது பொதுக் கரோட்டிட், இடது கைக்குப் போகும் சப்கிளேவியன். மிக அடிக்கடி பார்க்கும் மாற்றம், இடது கரோட்டிட் தனியாகப் புறப்படாமல் வலப்பக்கத் தண்டோடு ஒட்டி வருவது. ரிப்போர்ட்டில் "போவைன் ஆர்ச்" என்று எழுதுவார்கள். இதனால் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் இடது மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கத் தொடை வழியாகப் போகும் மருத்துவருக்கு அந்தக் கூர்மையான திருப்பம் நிமிடங்களைத் தின்னும். முன்கூட்டியே தெரிந்தால் வேறு வடிவக் கதீட்டரை எடுத்துக்கொண்டு போவார்.

இரண்டாவது, இடது வெர்டிப்ரல் நேரடியாக வளைவிலிருந்தே புறப்படுவது. நூற்றில் ஐந்து பேர் அளவில் இருக்கும். இப்படிப் புறப்படும் வெர்டிப்ரல் பெரும்பாலும் வழக்கமான ஆறாவது கழுத்து எலும்பில் நுழையாமல் ஐந்தாவதிலோ நான்காவதிலோ நுழையும். கழுத்து எலும்பில் ஸ்க்ரூ போடும் அறுவை மருத்துவருக்கு இது அவசியமான செய்தி. மூன்றாவது, வலது சப்கிளேவியன் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு உணவுக்குழாயின் பின்னால் வலப்பக்கம் போவது. சிலருக்கு விழுங்கச் சிரமம் வருவதற்கு இது காரணம். வலது மணிக்கட்டு வழி ஆஞ்சியோ சிக்கிக்கொள்வதற்கும்தான்.

படி 3: கரோட்டிட்கள்

பொதுக் கரோட்டிட் எந்த உயரத்தில் பிரிகிறது என்று பாருங்கள். வழக்கமாகத் தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பு அளவில். சிலருக்குத் தாடை எலும்பின் பின்னால் வரை உயரத்தில் பிரியும், அப்போது கழுத்து அறுவை கடினம். உட்கரோட்டிட் தொண்டையின் பின்சுவரை ஒட்டி வளைந்து கிடந்தால் டான்சில் அறுவை செய்பவருக்குச் சொல்லியாக வேண்டும்.

நடுக்காதுக்குள் எட்டிப் பார்க்கும் கரோட்டிட் என்று ஒன்று உண்டு. செவிப்பறைக்குப் பின்னால் சிவந்த, துடிக்கும் ஒரு கட்டிபோலத் தெரியும். நோயாளி காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கிறது என்பார். கட்டி என்று நினைத்து ஊசி வைத்தால் ரத்தம் பீறிடும். துடிக்கும் கட்டி எதையும் ஸ்கேன் இல்லாமல் குத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ஒரு பக்க உட்கரோட்டிட் அடியோடு தெரியவில்லை என்றால்? முதல் சந்தேகம் அடைப்புதான். பிறவியிலேயே இல்லாமல் இருப்பது மிக மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. எப்படிப் பிரித்தறிவது? சி.டி.யில் எலும்புப் படத்தைத் திறந்து மண்டை அடியில் கரோட்டிட் போகும் எலும்புக் குழலைத் தேடுங்கள். தமனி இருந்தால்தான் அதைச் சுற்றி எலும்பு குழலாக உருவாகும். குழல் நல்ல அகலத்தில் இருந்து உள்ளே ஓட்டம் இல்லையென்றால் குழாய் இருந்து பின்னால் அடைத்துப்போனது. குழலே இல்லையென்றால் தமனி பிறவியிலேயே உருவாகவில்லை. முன்னதற்குப் பக்கவாத சிகிச்சை, பின்னதற்கு நிம்மதியான ஒரு விளக்கம். ஒரே கறுப்பு இடைவெளிக்கு இப்படி நேரெதிரான இரண்டு முடிவுகள்.

படி 4: வெர்டிப்ரல்கள் – அதிகம் பயமுறுத்தும் வரி

இரண்டு வெர்டிப்ரல்களும் சம அளவில் இருப்பவர்கள் சிறுபான்மை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடதுதான் பெரிது; சுமார் கால்வாசிப் பேருக்கு வலது. ஆகவே ஒன்று சின்னதாக இருப்பது செய்தியே இல்லை. உள்விட்டம் 2 மி.மீ.க்குக் கீழே போனால் ஹைப்போபிளாஸ்டிக் என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லைக்கோடு கிடையாது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது பிறவியிலேயே சின்னதா, நல்ல குழாய் பின்னால் சுருங்கிப்போனதா? மூன்று இடங்களில் பதில் இருக்கிறது.

முதலாவது வடிவம். பிறவி மெலிவு தொடக்கத்திலிருந்து முடிவு வரை சீராக, வழவழவென்று இருக்கும். கொஞ்ச தூரம் அகலமாக வந்து திடீரென்று மெலிந்தால், அல்லது மணி கோத்ததுபோல ஏறி இறங்கினால் அது நோய். அடுத்தது எலும்புத் துளை. கழுத்து முள்ளெலும்புகளின் இரண்டு பக்கத் துளைகளையும் ஒப்பிடுங்கள். துளையும் சின்னதாக இருந்தால் பிறவி மெலிவுதான். அகலமான துளைக்குள் மெலிந்த குழாய் என்றால் சந்தேகப்படுங்கள். கடைசியாகச் சுவர். கழுத்தைத் திருப்பியதாலோ அடிபட்டதாலோ உட்சுவர் கிழிந்திருந்தால், கொழுப்பை அடக்கி எடுக்கும் டி1 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் குழாயைச் சுற்றிப் பிறை வடிவில் வெள்ளையாக ரத்தக்கட்டு தெரியும். இளவயதில் கழுத்து வலியோடு தலைசுற்றல் வந்தவரின் ரிப்போர்ட்டில் "ஹைப்போபிளாசியா" என்று எழுதும் முன் இந்தப் படத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. மெலிந்த வெர்டிப்ரல் பேசிலாரை எட்டாமல், சிறுமூளைக்குப் போகும் பைக்கா கிளையோடு முடிந்துவிடும். பார்த்த மாத்திரத்தில் நுனியில் அடைப்பு என்று தோன்றும். அப்படி இல்லை. ஆனால் இவருக்கு அந்தக் குழாய் அடைத்தால் அந்தப் பக்கச் சிறுமூளைக்கு எதிர்ப்பக்க வெர்டிப்ரல் உதவிக்கு வருவது கடினம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றலுக்கு இந்த மெலிவுதான் காரணமா என்று எல்லா நோயாளிகளும் கேட்பார்கள். மறுபக்கக் குழாய் நன்றாக இருந்தால், பெரும்பாலும் இல்லை. தலையைத் திருப்பினால் சில நொடிகள் சுற்றுகிறது என்றால் உள்காதைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை. தனியாக ஒரு ஹைப்போபிளாஸ்டிக் வெர்டிப்ரலைக் காட்டி மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 5: பேசிலார்

பெரிய வெர்டிப்ரல் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் பேசிலார் வளைந்திருக்கும், அது இயல்பு. கருவில் இரண்டு இணைக் குழாய்கள் ஒட்டித்தான் பேசிலார் உருவாகிறது. எங்காவது ஒட்டாமல் விட்டுப்போனால் அங்கே சின்ன ஜன்னல்போல இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். பெரும்பாலும் வெர்டிப்ரல்கள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும். இதைக் கிழிசல் என்றோ ரத்தக்கட்டி என்றோ எழுதிவிடாதீர்கள். ஜன்னலின் கீழ்முனையில் அனூரிசம், அதாவது சுவர் பலூன்போலப் புடைப்பது, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

படி 6: வளையத்தின் பின்பாதி – இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் பக்கவாத வார்டில் அதிகம் ஏமாற்றுவது இந்த மாற்றம்தான்.

பேசிலாரின் உச்சியில் இரண்டாகப் பிரிவது பின்பெருமூளைத் தமனி, வார்டு மொழியில் பி.சி.ஏ. பார்வை மையம் இருக்கும் பின்தலைப் பகுதிக்கு ரத்தம் தருவது இதுதான். கருவில் இது கரோட்டிட்டின் கிளை; பிறகுதான் பேசிலாரின் கைக்கு மாறுகிறது. மாறாமலே நின்றுவிட்டால் பெரியவர்களிடமும் பி.சி.ஏ. கரோட்டிட்டிலிருந்தே வரும். அதுதான் "ஃபீட்டல் ஆரிஜின்". அரிதானது என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றில் 10 முதல் 30 பேருக்கு ஏதாவது ஒரு பக்கம் இருக்கிறது.

அடையாளம் காண்பது எளிது. பேசிலார் உச்சியிலிருந்து புறப்படும் முதல் துண்டுக்கு பி1 என்று பெயர். கரோட்டிட்டிலிருந்து பின்னால் வரும் இணைப்புக்கு பி-காம். (வணிகவியல் பட்டம் இல்லை, கவலைப்படாதீர்கள்.) இரண்டின் பருமனையும் ஒப்பிடுங்கள். பி-காம் மெலிந்து பி1 பருத்திருந்தால் வழக்கமான அமைப்பு. பி-காம் பருத்து பி1 மெலிந்திருந்தால் பகுதி ஃபீட்டல். பி1 தெரியவே இல்லையென்றால் முழு ஃபீட்டல்.

இரண்டு பக்கமும் ஃபீட்டலாக இருப்பவரிடம் பேசிலார் மெலிந்து, சிறுமூளையின் மேல்தமனிகளோடு முடிந்துவிடும். அனுப்ப வேண்டிய இடம் குறைவு, அதனால் குழாயும் சின்னது, வெர்டிப்ரல்களும் மெலிந்திருக்கலாம். இதைப் பார்த்து "பேசிலார் சுருக்கம்" என்று எழுதிவிடுவது எளிது. பேசிலார் மெலிந்து தெரிந்தால் முதலில் பி-காம்களைப் பாருங்கள்.

சரி, இதனால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு வைத்துச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒருவருக்குத் திடீரென இடப்பக்கப் பார்வை போகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ.யில் வலது பின்தலைப் பகுதியில் புதிய பாதிப்பு. பாடப்புத்தக வளையத்தை மனதில் வைத்தால் குற்றவாளி வெர்டிப்ரல், பேசிலார் அல்லது இதயம். பேசிலார் சுத்தமாக இருக்கிறது, இ.சி.ஜி. இயல்பு. கழுத்தில் வலது உட்கரோட்டிட்டில் 75 சதவீதச் சுருக்கம் இருக்கிறது. ஆனால் அது முன்பக்கக் குழாய், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இப்போது வலது பி.சி.ஏ. ஃபீட்டல் என்று தெரிந்தால் கதை தலைகீழ். கரோட்டிட்டின் கொழுப்புப் படிவிலிருந்து உதிர்ந்த துணுக்கு நேரே பார்வை மையத்துக்குப் போயிருக்கிறது. அந்தச் சுருக்கம் "அறிகுறி தராத சுருக்கம்" இல்லை. அறிகுறி தந்த 70 சதவீதத்துக்கு மேற்பட்ட சுருக்கத்தில் அறுவை செய்தால் அடுத்த பக்கவாதம் வெகுவாகக் குறையும் என்பது 1991இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்விலிருந்து தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர் பி1 இருக்கிறதா இல்லையா என்பது அறுவைக் கூடத்துக்குப் போவதா வேண்டாமா என்பதையே மாற்றிவிடுகிறது.

இன்னொரு விஷயம். வழக்கமான அமைப்பில் நடுப்பெருமூளைத் தமனியின் நுனிக்கிளைகளும் பி.சி.ஏ.வின் நுனிக்கிளைகளும் மூளையின் மேற்பரப்பில் சந்தித்து, ஒன்று தளர்ந்தால் மற்றது கை கொடுக்கும். முழு ஃபீட்டலில் இரண்டும் ஒரே கரோட்டிட்டை நம்பியிருக்கின்றன. கரோட்டிட் போனால் இரண்டும் சேர்ந்து தளரும். கீழே சிறுமூளைப் பக்கத்திலிருந்து உதவி வரவும் இடையில் தடித்த சவ்வு தடுக்கிறது.

பி-காம் புறப்படும் இடத்தில் புனல்போல ஒரு சின்ன விரிவு பலரிடம் இருக்கும். 3 மி.மீ. அளவுக்குள் இருந்து, முக்கோண வடிவில், நுனியிலிருந்தே குழாய் புறப்பட்டால் அது வெறும் புனல். பக்கவாட்டில் புடைத்து, குழாய் வேறு இடத்திலிருந்து புறப்பட்டால் அனூரிசம் என்று நினைத்து மேலே சோதியுங்கள். அந்த இடத்து அனூரிசம் மூன்றாவது மண்டை நரம்பை அழுத்தினால் இமை தொங்கி, கண்மணி விரியும். அது அவசர நிலை. அனூரிசத்தின் கழுத்தை அடைக்க அறுவையில் கிளிப் போடும்போது அது ஃபீட்டல் பி-காம் என்றால் அந்தக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது.

படி 7: வளையத்தின் முன்பாதி

கரோட்டிட்டிலிருந்து முன்பெருமூளைத் தமனியின் முதல் துண்டு ஏ1. வலமும் இடமும் நடுவில் ஏ-காம் என்ற குட்டி இணைப்பால் சேர்கின்றன. பத்தில் ஒருவர் அளவில் ஒரு பக்க ஏ1 மெலிந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு மறுபக்க ஏ1 இரண்டு பக்க முன்மூளைக்கும் ரத்தம் அனுப்புகிறது. வேலை அதிகமான பக்கத்துக் கரோட்டிட்டும் சற்றுப் பருமனாக இருக்கும். மெலிந்த பக்கத்துக் கரோட்டிட் கொஞ்சம் சின்னதாகத் தெரிவது அதனால்தான், சுருக்கம் என்று எண்ண வேண்டாம்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. பெரிய பக்கத்துக் கரோட்டிட் அடைத்தால் இரண்டு முன்மூளைகளும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படலாம். இரண்டு கால்களும் தளரும், ஆள் பேசாமல், எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்துவிடுவார். முதுகுத்தண்டு நோய் என்றோ மனச்சோர்வு என்றோ தவறாக எண்ண இடமுண்டு. அடுத்து, ஒரே பக்கத்திலிருந்து வேகமாக வரும் ரத்தம் ஏ-காம் மீது தொடர்ந்து மோதுவதால் அங்கே அனூரிசம் வரும் வாய்ப்பு கூடுகிறது. வெடிக்கும் அனூரிசங்களில் ஏ-காம் அனூரிசம் மிக அடிக்கடி பார்ப்பது. எனவே ஏ1 சமமில்லை என்று தெரிந்தவுடன் ஏ-காமை மூலப் படங்களில் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஏ-காமுக்கு மேலே இரண்டு குழாய்களுக்குப் பதில் ஒரே தண்டாகப் போவது ஏசைகஸ். நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு இருந்தும் ஒன்று மட்டுமே பெரிதாகி இரண்டு பக்கத்துக்கும் கிளை அனுப்புவது அதைவிட அதிகம். மூன்று குழாய்கள் இருப்பவர்களும் உண்டு. படத்தில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

ஓட்டோ ஹொய்ப்னர் 1872இல் விவரித்த சிறு தமனி, ஏ-காம் அருகிலிருந்து புறப்பட்டு ஏ1இன் ஓரமாகவே திரும்பி வந்து மூளையின் ஆழ்பகுதிக்குப் போகிறது. எங்கிருந்து புறப்படுகிறது, ஒன்றா இரண்டா என்பதெல்லாம் மாறும். ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஏ-காம் கிளிப் போடும்போது இதை நசுக்கிவிட்டால் எதிர்ப்பக்க முகமும் கையும் தளரும் என்பதால் நியூரோசர்ஜன்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம்.

படி 8: நடுப்பெருமூளைத் தமனி

இதில் மாற்றங்கள் குறைவு. கரோட்டிட்டிலிருந்தே இரண்டு நடுப்பெருமூளைத் தமனிகள் புறப்படலாம், முன்பெருமூளைத் தமனியிலிருந்து ஒரு துணைக்குழாய் அதற்கு இணையாக ஓடலாம். அடிக்கடி தொல்லை தருவது சீக்கிரப் பிரிவு. தண்டு புறப்பட்ட உடனே இரண்டாகிவிட்டால், ஒரு கிளை அடைத்திருந்தாலும் மற்றது நேராகப் போவதால் எல்லாம் சரிபோலத் தெரியும். பக்கவாதம் வந்த நோயாளியில் இரண்டு பக்கக் கிளைகளையும் எண்ணி ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

படி 9: மறையாமல் நின்ற பழைய குழாய்கள்

கருவின் தற்காலிகக் குறுக்குக் குழாய்கள் நான்கும் மறைந்துவிட வேண்டும். எப்போதாவது ஒன்று நின்றுவிடும். பெரும்பாலும் அது டிரைஜெமினல் தமனி. ஆயிரத்தில் ஓரிருவரிலிருந்து ஐந்தாறு பேர் வரை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் பக்கத்தில் கரோட்டிட்டிலிருந்து புறப்பட்டுப் பின்னால் போய் பேசிலாரில் சேரும். அது சேரும் இடத்துக்குக் கீழே பேசிலார் மெலிந்திருக்கும். பக்கவாட்டுப் படத்தில் கரோட்டிட்டும் இதுவும் சேர்ந்து கிரேக்க எழுத்து டௌபோலத் தெரியும். சில நேரம் பிட்யூட்டரிக் குழி வழியாகவே ஓடும், அப்போது மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுக்கப் போகும் மருத்துவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது ஹைப்போகுளாசல் தமனி, இன்னும் அரிது. கழுத்தின் மேற்பகுதியில் கரோட்டிட்டிலிருந்து புறப்பட்டு, நாக்கு நரம்பு போகும் எலும்புத் துளை வழியாக மண்டைக்குள் நுழையும். அந்தத் துளை ஒரு பக்கம் பெரிதாக இருக்கும். இதை உடையவரின் வெர்டிப்ரல்கள் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். ஆக, கழுத்து அறுவையில் கரோட்டிட்டை சில நிமிடம் கவ்விப் பிடித்தால் மூளைத்தண்டுக்கும் சேர்த்து ரத்தம் நின்றுவிடும். ப்ரோஅட்லான்டல் தமனி பெரிய மண்டைத்துளை வழியாக நுழைவதால் வேறுபடுகிறது. ஓட்டிக் தமனி உண்மையிலேயே பெரியவர்களிடம் நிற்கிறதா என்பதிலேயே நிபுணர்களுக்குள் வாதம் இருக்கிறது.

படி 10: படத்தில் தெரியாததையும் நினைவில் வையுங்கள்

மூளையின் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் தலாமஸ்களின் நடுப்பகுதிக்கும் வழக்கமாகத் தனித்தனிக் குழாய்கள் போகும். சிலருக்கு ஒரு பக்க பி1இலிருந்து ஒரே தண்டு புறப்பட்டு இரண்டுக்கும் பிரிகிறது. 1973இல் ஜெரார் பெர்ஷெரோன் விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகிறது. அது அடைத்தால் கை கால் எதுவும் தளராமல் ஆள் திடீரென ஆழ்ந்த உறக்கத்தில் போய்விடுவார், எழுப்பினால் குழம்புவார், கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாது. முதல் சி.டி. பெரும்பாலும் இயல்பாக இருக்கும். விஷமா, சர்க்கரை குறைந்ததா, வலிப்பா என்று தேடிக்கொண்டிருக்கும்போது நேரம் ஓடிவிடும். புதிய பாதிப்பை வெள்ளையாகக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யில் இரண்டு தலாமஸ்களும் சமமாக வெளுத்திருந்தால் இந்தத் தமனியை நினையுங்கள். ஆஞ்சியோவில் குழாயைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம், அது பெரும்பாலும் தெரியாது.

படி 11: ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது

எழுதுபவர்கள் வெறும் பெயரோடு நிறுத்தாமல் விளைவையும் ஒரு வரி சேர்த்தால் போதும். "வலது பி.சி.ஏ. முழு ஃபீட்டல், வலது பின்தலைப் பகுதி வலது கரோட்டிட்டைச் சார்ந்தது" என்று எழுதினால் இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்கும் டியூட்டி டாக்டருக்கு யோசிக்கும் வேலை மிச்சம். தெரியாத குழாயை எந்த முறையில் தெரியவில்லை என்பதோடு சேர்த்து எழுதுங்கள். முடிவுப் பகுதியில் அமைப்பு மாற்றத்தையும் நோயையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம். நோயாளிகள் பயப்படுவது பெரும்பாலும் அந்தக் கலப்பினால்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். இது பிறவி அமைப்பா, சுருக்கமா? பக்கத்தில் அனூரிசம் எதுவும் இல்லை என்று பார்த்தாயிற்றா? கழுத்திலோ தலையிலோ அறுவை செய்ய நேர்ந்தால் இதைச் சொல்ல வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்குப் பதில்: பிறவி அமைப்பு, அனூரிசம் இல்லை, ஆமாம் சொல்லுங்கள். மாத்திரை தேவையில்லை, ஆண்டுதோறும் ஸ்கேன் தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவற்றில் எல்லோருக்கும் சொல்வதுதான் இவர்களுக்கும். பேச்சு குழறல், முகம் கோணல், ஒரு பக்கத் தளர்ச்சி, திடீர்ப் பார்வையிழப்பு, திடீரென வரும் கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பழைய ரிப்போர்ட்டைத் தேடி உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஸ்கேன் படங்கள் உள்ள வட்டை வீட்டில் உள்ள யாராவது பின்னாலேயே எடுத்துவரலாம்.